பம்ப் மேல் பழி போடும் முன்: எதிர்ப்புச் செல்லுக்குள் இருக்கும் பாக்டீரியாவை மருந்து எட்டுகிறதா என்று சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"அக்கா, இதுல ரெசிஸ்டன்ட் யாரு, பாக்டீரியாவா செல்லா?"

சேலத்தில் எங்கள் லேபுக்கு புராஜெக்ட் செய்ய வரும் எம்.எஸ்சி. பிள்ளைகள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுவிடுவார்கள். கேட்காமல் தலையாட்டியவர்கள் வைவா அன்றைக்கு மாட்டிக்கொள்வார்கள். அதனால் இதை முதலில் முடித்துவிடலாம். இங்கே மருந்தை எதிர்ப்பது நம் உடம்பின் செல், அதுவும் ஆன்டிபயாடிக்கை எதிர்ப்பதற்காகப் பழகிய செல் கூட இல்லை, புற்றுநோய் மருந்தோடு போராடி அதை வெளியே தள்ளக் கற்றுக்கொண்ட செல். அப்படித் தள்ளும் புரதத்தைத்தான் பம்ப் என்கிறோம். உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா பாவம் சாதாரணப் பாக்டீரியாதான், குழம்பில் (பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டத் திரவம், பிராத்) வளர்த்து அதே மருந்தைக் கொடுத்தால் ஒரு ராத்திரியில் செத்துவிடும். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் வீடு மருந்தை உள்ளே தங்க விடுவதில்லை. வீட்டுக்காரனின் எதிர்ப்புச் சக்தி குடித்தனக்காரனைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

இதைச் சோதித்துக் காட்டுவது எப்படி என்பதைத்தான் எழுதப் போகிறேன். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்தவர்களுக்குப் புரியும்படி எழுதியிருக்கிறேன். செல் கல்ச்சர் கையில் பழகியவர்கள் நடுவில் சில பத்திகளைத் தாண்டிப் போகலாம், ஆனால் கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் சோதனை) பற்றி எழுதியிருப்பதைத் தாண்ட வேண்டாம்.

இதெல்லாம் இங்கே எதற்கு என்றால், செல்லுக்குள் ஒளியும் பாக்டீரியா நமக்குத் தூரத்துச் சொந்தம் இல்லை. காசநோய், டைஃபாய்டு இரண்டுமே செல்லுக்குள் பதுங்கும் கிருமிகளால் வருபவை. சேர்வராயன் மலை மாதிரி புதரும் புல்லும் உள்ள இடங்களில் கவனிக்க வேண்டிய உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்கிரப் டைபஸ், அதுவும் அப்படித்தான். அதன் கிருமியான ஓரியன்ஷியா செல்லின் சைட்டோசாலிலேயே, அதாவது உள் திரவத்திலேயே, வாழ்கிறது. வேலூர் சி.எம்.சி. தலைமையில் நம் நாட்டு மருத்துவமனைகளில் தீவிர ஸ்கிரப் டைபஸ் நோயாளிகள் ஏறக்குறைய 800 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியாகக் கொடுத்தவர்களில் 33 சதவீதத்தினருக்குத்தான் சிக்கலோ, விடாத காய்ச்சலோ, மரணமோ நேர்ந்தது. ஒரே மருந்து கொடுத்தவர்களில் அது 47, 48 சதவீதம். அந்த ஆய்வு பம்பைப் பற்றியது இல்லை. ஆனாலும் செல்லுக்குள் இருக்கும் எதிரிக்கு மருந்து தேர்ந்தெடுப்பது தனிக் கணக்கு என்று அதைப் பார்த்தால் விளங்கும். (ஓரியன்ஷியாவை வளர்க்கவே உயர் பாதுகாப்பு லேப் வேண்டும், நாம் அந்தப் பக்கம் போகப் போவதில்லை.)

பம்ப் என்றால் என்ன

செங்காந்தள் தெரியும் இல்லையா, நம் மாநில மலர், கண்வலிக்கிழங்கு என்றும் சொல்வோம். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தல் போட்டு விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். அந்த விதையில் இருப்பது கோல்ச்சிசின். இந்தக் கோல்ச்சிசினில் சீன ஹாம்ஸ்டரின் சினைப்பைச் செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, சாகாமல் தப்பியவற்றை எடுத்துப் பார்த்தபோதுதான் அவற்றின் மேல்சவ்வில் ஒரு பெரிய புரதம் கூடுதலாக இருப்பதை ஜூலியானோ, லிங் என்ற இருவர் 1976-இல் எழுதினார்கள். அதுதான் பி-கிளைக்கோபுரோட்டீன், சுருக்கமாக பி-ஜிபி. வேடிக்கை என்னவென்றால் கோல்ச்சிசினில் பழகிய செல் கோல்ச்சிசினை மட்டும் எதிர்க்கவில்லை, நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்பிளாஸ்டின் போல சம்பந்தமே இல்லாத வேறு மருந்துகளையும் சேர்த்துத் தள்ளியது. பல மருந்து எதிர்ப்பு என்று பெயர் வந்தது அதனால்தான்.

பி-ஜிபி ஏ.டி.பி-யை (செல்லின் எரிபொருள்) எரித்து, சவ்வுக்குள் நுழையும் மருந்தைப் பிடித்து வெளியே வீசும். புற்றுநோய் செல்லில் மட்டும் இருப்பது என்று நினைக்க வேண்டாம், நம் குடல், கல்லீரல், சிறுநீரகம், மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் எல்லாவற்றிலும் இயல்பாகவே இருக்கிறது. எம்.ஆர்.பி என்று இன்னொரு பம்ப் குடும்பமும் உண்டு. பெல்ஜியத்தில் லூவென் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் டல்கன்ஸ், வான் பாம்பேக் குழுவினர் சுண்டெலி மேக்ரோஃபேஜில் (கிருமிகளை விழுங்கும் செல்), அசித்ரோமைசினை பி-ஜிபியும் சிப்ரோஃப்ளாக்சசினை எம்.ஆர்.பி வகைப் பம்பும் வெளியேற்றுவதைக் காட்டினார்கள். பம்பை அடைத்தால் உள்ளே இருக்கும் பாக்டீரியா மேல் மருந்தின் வேலை கூடுவதையும் 2003 வாக்கிலேயே காட்டிவிட்டார்கள்.

மழைக் காலத்தில் கடைகளின் அண்டர்கிரவுண்டில் மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் மெதுவாகக் கசிந்தால் மோட்டார் ஜெயிக்கும், தரை காய்ந்துவிடும். மதகு திறந்த மாதிரி கொட்டினால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீரும் முழங்கால் அளவுக்கு நின்றுகொண்டே இருக்கும். மருந்தும் அப்படித்தான். சவ்வைச் சுலபமாகக் கடந்து திரும்பத் திரும்ப உள்ளே வரும் மருந்தைப் பம்ப் ஒன்றும் பெரிதாகச் செய்துவிட முடியாது. அதே சுண்டெலி மேக்ரோஃபேஜில் சிப்ரோவுக்கு அடி விழும்போது அதன் தம்பி மாக்சிஃப்ளாக்சசின் பெரும்பாலும் தப்பிவிடுவது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். இந்த இரண்டையும் ஜோடியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

முதல் படி: பாக்டீரியா எந்த அறையில் இருக்கிறது என்று தீர்மானியுங்கள்

மருந்து செல்லுக்குள் போனால் மட்டும் போதாது, பாக்டீரியா இருக்கும் அறைக்குப் போக வேண்டும். லிஸ்டீரியா தன் லிஸ்டீரியோலைசின் நச்சால் பாகோசோமை (விழுங்கிய கிருமியைச் சுற்றி உருவாகும் பை) உடைத்துக்கொண்டு சைட்டோசாலுக்கு வந்துவிடும். மேக்ரோஃபேஜுக்குள் போன ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பெரும்பாலும் அமிலமான பாகோலைசோசோமிலேயே (அந்தப் பை செல்லின் செரிமான அறையான லைசோசோமோடு சேர்ந்தது) தங்கும். சால்மோனெல்லா தனக்கென்று ஒரு பையை மாற்றியமைத்துக்கொள்ளும்.

இப்போது அசித்ரோமைசினை எடுத்துக்கொள்ளுங்கள். அது காரத்தன்மை உள்ள மருந்து, அமிலமான லைசோசோமுக்குள் போனதும் புரோட்டான் ஏற்றிக்கொண்டு வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். வெளியே இருப்பதைவிட உள்ளே பல பத்து மடங்கு சேர்ந்துவிடும். படித்ததும் ஆகா என்று தோன்றும். ஆனால் அதே அமிலத்தில் அதன் கொல்லும் திறன் பெருமளவு விழுந்துவிடுகிறது. பொங்கலுக்கு வாங்கிய கரும்பு பரணில் கட்டுக்கட்டாக இருந்து என்ன பயன், கடிக்கப் பல் வேண்டாமா? பீட்டா-லாக்டம் மருந்துகள் செல்லுக்குள் சேர்வதே குறைவு. ஜென்டாமைசின் மிக மெதுவாக விழுங்கப்பட்டு லைசோசோமில் முடியும், அங்கே அமிலம் அதற்கும் ஆகாது. சிப்ரோ, மாக்சி வகையறா நாலைந்து மடங்கோ அதற்கு மேலோ சேரும், சைட்டோசாலிலும் கிடைக்கும்.

முதல் முறை செய்பவர்களுக்கு என் யோசனை ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸில் ஏ.டி.சி.சி 29213 என்ற ரகம். காரணம் சுலபம், அதன் எம்.ஐ.சி அளவுகள் (வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்து அளவு) தரப்படுத்தப்பட்டவை, நீங்கள் தப்பாகச் செய்தால் உடனே காட்டிக்கொடுக்கும். லிஸ்டீரியா அழகான மாடல்தான், ஆனால் லேபில் கர்ப்பிணிகள் யாராவது வேலை செய்தால் அதைக் கொண்டுவரவே கூடாது. எதை எடுத்தாலும் இரண்டாம் நிலைப் பாதுகாப்பும் பயோசேஃப்டி கேபினட்டும் கட்டாயம்.

இரண்டாம் படி: செல் ஜோடி

ஒரு தாய்ச் செல், அதிலிருந்தே வந்த ஓர் எதிர்ப்புச் செல், இரண்டும் வேண்டும். செல் லைன்களுக்கு நாம் எல்லோரும் கை நீட்டுவது புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திடம். எதிர்ப்புச் செல்லில் இரண்டு வகை உண்டு. மருந்தில் மாதக்கணக்கில் பழக்கி எடுத்தது ஒன்று, பி-ஜிபி மரபணுவை மட்டும் உள்ளே சேர்த்தது இன்னொன்று (நாய்ச் சிறுநீரகச் செல்லான எம்.டி.சி.கே-யில் அப்படிச் செய்தது பிரபலம்). கிடைத்தால் இரண்டாவதை எடுங்கள். மருந்தில் பழகிய செல்லில் பம்ப் மட்டும் மாறியிருக்காது, வளர்ச்சி, வடிவம், விழுங்கும் சுறுசுறுப்பு என்று பத்து விஷயம் மாறியிருக்கும், எதனால் எது நடந்தது என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் எம்.டி.சி.கே தானாக ஓடிப்போய்ப் பாக்டீரியாவை விழுங்கும் செல் இல்லை, அதனால் அதற்குள் ஸ்டாஃபிலோகாக்கஸ் குறைவாகத்தான் போகும். சால்மோனெல்லாவுக்கு அது பழகிய வீடு. எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காது.

ஜோடியே கிடைக்கவில்லையா? சாதாரண மேக்ரோஃபேஜ் ஒன்றை (ஜே774 அல்லது டி.ஹெச்.பி-1) எடுத்து, பம்பை அடைக்கும் மருந்தோடும் அது இல்லாமலும் செய்யலாம். கொஞ்சம் பலவீனமான சோதனை, ஆனால் எம்.எஸ்சி. புராஜெக்டுக்குப் போதும்.

பழக்கிய செல்லை வாங்கினால் அதை வளர்க்கும் மீடியத்தில் கோல்ச்சிசினோ டாக்சோரூபிசினோ போட்டுத்தான் வைத்திருப்பார்கள். சோதனைக்கு ஒரு வாரம் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். கோல்ச்சிசின் மிச்சம் இருந்தால் செல்லின் மைக்ரோடியூப்யூல் (செல்லுக்குள் இருக்கும் எலும்புக்கூடு மாதிரி) கலைந்து விழுங்குவதே பாதிக்கும்.

செல் வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. மே மாதத்தில் வரவழைக்காதீர்கள். ஒரு வருஷம் கூரியர் சனிக்கிழமை மத்தியானம் வந்து, நான் இல்லாததால் திங்கள் வரை பெட்டி வாசலோர அறையிலேயே இருந்தது. சேலம் வெயில் உங்களுக்குத் தெரியும். திறந்து பார்த்தால் ஃபிளாஸ்க்கின் அடியில் ஒரு செல் ஒட்டியிருக்கவில்லை, எல்லாம் ஜவ்வரிசி கஞ்சி மாதிரி மிதந்தது. கார்த்திகைக்கு மேல் வரவழையுங்கள், அல்லது வரும் நாளில் லேபிலேயே இருங்கள். வந்ததும் மைக்கோபிளாஸ்மா (செல் கல்ச்சரில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்து வளரும் பாக்டீரியா) சோதனை செய்யாமல் எதையும் தொடாதீர்கள்.

மூன்றாம் படி: மருந்துகளும் அடைப்பானும்

குறைந்தது இரண்டு ஆன்டிபயாடிக் வேண்டும். ஒன்று பம்ப் வெளியேற்றும் மருந்து, இன்னொன்று பம்ப் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத மருந்து. பி-ஜிபி என்றால் அசித்ரோமைசின், எரித்ரோமைசின், ரிஃபாம்பிசின், டாப்டோமைசின் எல்லாம் முதல் வகை. எம்.ஆர்.பி என்றால் முன்பு சொன்ன சிப்ரோ–மாக்சி ஜோடி.

பி-ஜிபியை அடைக்க எல்லோரும் எடுப்பது வெராபமில், அதே பி.பி. மாத்திரை மருந்துதான், வழக்கமாக 10 முதல் 50 மைக்ரோமோலார். எம்.ஆர்.பி-க்கு புரோபெனெசிட், கவுட் நோய்க்குக் கொடுப்பது. இரண்டும் விலை மலிவு, கிடைப்பதும் சுலபம்.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். பாக்டீரியாவுக்கும் சொந்தமாகப் பம்ப் உண்டு! ஸ்டாஃபிலோகாக்கஸில் நார்-ஏ என்ற பம்ப் சிப்ரோவை வெளியேற்றும். சர்ப்பகந்தாவிலிருந்து வரும் ரெசெர்பின் பி-ஜிபியையும் அடைக்கும், நார்-ஏ-யையும் அடைக்கும். வெராபமிலும் சுத்தமான பிள்ளை இல்லை. மேக்ரோஃபேஜுக்குள் போன காசநோய்க் கிருமி தன் பம்ப்களை முடுக்கிவிட்டு மருந்தைத் தாங்கிக்கொள்வதையும், வெராபமில் அதைக் குறைப்பதையும் 2011-இல் காட்டியிருக்கிறார்கள். ஆக, அடைப்பான் போட்டதும் பாக்டீரியா அதிகம் செத்தால், அடைத்தது செல்லின் பம்பையா பாக்டீரியாவின் பம்பையா? உங்கள் சோதனை இதற்குப் பதில் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

அதனால் எம்.ஐ.சி-யை ஒரு முறை எடுத்தால் போதாது. சாதாரண பி.ஹெச் 7.4-இல் ஒன்று, லைசோசோமைப் போல பி.ஹெச் 5 வாக்கில் ஒன்று, இரண்டையும் அடைப்பானோடு இன்னொரு முறை. அடைப்பான் போட்டும் எம்.ஐ.சி மாறவில்லை என்றால் நிம்மதி. இரண்டு மடங்குக்கு மேல் மாறினால் அடைப்பானை மாற்றுங்கள். 29213-க்கு சிப்ரோ எம்.ஐ.சி சாதாரண பி.ஹெச்-இல் மில்லிக்கு 0.12 முதல் 0.5 மைக்ரோகிராமுக்குள் விழ வேண்டும், அசித்ரோ 0.5 முதல் 2. வெளியே போனால் மருந்துக் கரைசல் பழசு, அல்லது எடை போட்டதில் தப்பு. செல் பக்கமே போகாமல் அதைச் சரிசெய்யுங்கள்.

நான்காம் படி: பம்ப் ஓடுகிறது என்று நிரூபியுங்கள்

எதிர்ப்புச் செல் என்று லேபிளில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது, மருந்து இல்லாமல் பல தலைமுறை வளர்ந்தால் பம்பைக் கைவிட்டுவிடும். ரோடமின் 123 சாயத்தை அரை மணி நேரம் ஏற்றி, கழுவி, சாயமில்லாத மீடியத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். தாய்ச் செல் பச்சையாக ஒளிரும், எதிர்ப்புச் செல் வெறிச்சோடிக் கிடக்கும், வெராபமில் போட்ட எதிர்ப்புச் செல் திரும்பப் பச்சையாகும். ஃப்ளோ சைட்டோமீட்டர் இல்லையென்றால் ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பே போதும். ஒவ்வொரு முறை சோதனை செய்யும் வாரத்திலும் இதைச் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: தொற்ற வைப்பது

24 குழி பிளேட்டில் குழிக்கு 2 முதல் 5 லட்சம் செல். முந்தின நாளே போட்டு ஒட்ட விடுங்கள். மீடியத்தில் ஆன்டிபயாடிக் இருக்கக் கூடாது, இதைத் தடித்த எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நான் முதன்முதலில் செய்தபோது மூன்று முறை தொடர்ந்து மருந்தே போடாத கன்ட்ரோல் குழியில் ஒரு காலனி கூட வரவில்லை. பாக்டீரியா செத்துப்போச்சா, பிளேட் கெட்டுப்போச்சா என்று ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். நாலாவது முறை மீடியம் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் சின்ன எழுத்தில் பெனிசிலின்–ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்தது என்று எங்கள் கையெழுத்திலேயே தேதி போட்டிருக்கிறது. செல் கல்ச்சர்காரர்கள் பழக்கத்தில் எல்லா பாட்டிலிலும் ஊற்றிவிடுவார்கள். சோதனைக்கு இரண்டு பாசேஜ் (செல்லைப் புதுப் பாத்திரத்துக்கு மாற்றி வளர்ப்பது) முன்பிருந்தே தனி பாட்டில் வையுங்கள்.

பாக்டீரியாவை மனித சீரத்தில் சற்று நேரம் ஊறவைத்தால் (ஆப்சனைசேஷன்) மேக்ரோஃபேஜ் நன்றாக விழுங்கும். ஒரு செல்லுக்கு ஐந்து முதல் பத்து பாக்டீரியா, 37 டிகிரியில் ஒரு மணி நேரம். அதற்கு மேல் போட்டால் செல் செத்துவிடும்.

பிறகு மில்லிக்கு 50 மைக்ரோகிராம் ஜென்டாமைசின், 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை. ஜென்டாமைசின் செல்லுக்குள் சட்டென்று போகாது, ஆகவே வெளியே ஒட்டியிருப்பவை மட்டும் சாகும். இந்த முறையின் உயிரே இந்தச் சோம்பேறித்தனத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் வெதுவெதுப்பான பி.பி.எஸ்-ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) மூன்று முறை கழுவ வேண்டும். கழுவுவதில் கைப்பழக்கம் வேண்டும். பிபெட் நுனியைக் குழியின் நடுவில் காட்டி ஊற்றினால் செல் படலம் வட்டமாகப் பெயர்ந்து வந்துவிடும், கண்ணுக்கே தெரியும், நன்றாக எண்ணெய் விட்ட கல்லில் தோசை நகர்வது மாதிரி. பிளேட்டைச் சாய்த்து, சுவர் வழியாக, சொட்டுச் சொட்டாக விடுங்கள். உறிஞ்சும்போதும் சுவரோரம்தான். எங்கள் லேபில் இதை முதலில் பாக்டீரியா இல்லாத பிளேட்டில் பத்து முறை செய்து காட்டினால்தான் நிஜப் பிளேட்டைக் கொடுப்போம். கரன்ட் போய் போய் வரும் நாட்களில் இந்தப் படியைத் தொடங்காதீர்கள். பாதியில் இன்குபேட்டர் நின்று கார்பன் டை ஆக்சைடு இறங்கினால் மீடியத்தின் பி.ஹெச் ஏறி, ரோஜா நிறத்துக்கு மாறிவிடும். பி.ஹெச்-ஐ நம்பித்தான் நம் மருந்துக் கணக்கே இருக்கிறது.

இந்த நேரத்தில் ஒவ்வொரு வகைக் குழியிலும் மூன்றை உடைத்து எண்ணிவிடுங்கள். இதுதான் பூஜ்ஜிய மணி எண்ணிக்கை, இது இல்லாமல் பின்னால் எதுவும் பேச முடியாது.

ஆறாம் படி: மருந்து கொடுப்பது

மருந்தின் அளவை இஷ்டத்துக்கு வைக்காதீர்கள். நோயாளியின் ரத்தத்தில் எட்டும் உச்ச அளவு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். 500 மில்லிகிராம் அசித்ரோ மாத்திரை போட்டால் ரத்தத்தில் மில்லிக்கு 0.4 மைக்ரோகிராம் சுமார், 500 மில்லிகிராம் சிப்ரோ என்றால் 2.5 சுமார். அதற்குக் கீழும் மேலும் நாலைந்து அளவு வைத்தால் ஒரு வளைகோடு கிடைக்கும், ஒற்றைப் புள்ளியைவிட அது நூறு மடங்கு பேசும்.

குழிகள் இப்படி: தாய்ச் செல், எதிர்ப்புச் செல். ஒவ்வொன்றிலும் மருந்தில்லாமல், பம்ப் தள்ளும் மருந்தோடு, தள்ளாத மருந்தோடு. இந்த மூன்றும் அடைப்பானோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை. மொத்தம் பன்னிரண்டு வகை, மூன்று மூன்றாகப் போட்டால் 36 குழி, ஒரு அளவுக்கு, ஒரு நேரத்துக்கு ஒன்றரை பிளேட். நேரம் 5 மணி, 24 மணி.

மருந்து போடாத குழியில் ஒரு தொல்லை உண்டு. செத்த செல்லிலிருந்து வெளியே வரும் பாக்டீரியா மீடியத்தில் பெருகிக் கூத்தாடிவிடும். அதைத் தடுக்க அதில் மட்டும் எம்.ஐ.சி அளவுக்கு ஜென்டாமைசின் விட்டுவைப்பார்கள். 24 மணி நேரத்தில் அதுவும் மெல்ல உள்ளே இறங்கும் என்பதால் அதிகம் விடாதீர்கள், விட்டதை எழுதியும் வையுங்கள்.

ஒரு பக்கம் செல் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள், டிரிப்பான் நீலமோ எல்.டி.ஹெச் சோதனையோ (இரண்டுமே செத்த செல்லைக் காட்டிக்கொடுப்பவை). செல் செத்து உடைந்தால் பாக்டீரியா வெளியே கொட்டும், அங்கே மருந்து தாராளமாக இருப்பதால் சாகும், நீங்கள் "உள்ளே கொன்றது" என்று எழுதிவிடுவீர்கள். வெராபமில் அதிகமானால் இது நடக்கும்.

ஏழாம் படி: உடைத்து எண்ணுவது

மூன்று முறை கழுவி, 0.1 சதவீத டிரைட்டன் எக்ஸ்-100 அரை மில்லி, பத்து நிமிடம். நன்றாக மேலும் கீழும் பிபெட் செய்து செல் உடைந்ததா என்று மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். பத்தில் ஒன்றாக நீர்த்துக்கொண்டே போய் அகார் பிளேட்டில் போடுங்கள். பிளேட் செலவைக் குறைக்க 20 மைக்ரோலிட்டர் சொட்டு முறை போதும். அசித்ரோ போல உள்ளே குவியும் மருந்து லைசேட்டோடு (செல்லை உடைத்துக் கிடைத்த கலவை) சேர்ந்து பிளேட்டுக்கே வந்து வளர்ச்சியைத் தடுக்கலாம். நீர்க்காத லைசேட்டில் ஒன்றும் வளராமல், அதை நூறு மடங்கு நீர்த்ததில் காலனி தெரிந்தால் அதுதான் அறிகுறி, கரித்தூளில் மருந்தை உறிஞ்ச விட்டுத் திரும்பப் போடுங்கள்.

ஸ்டாஃபிலோகாக்கஸை 24 மணியில் எண்ணிவிட்டுப் பிளேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே இருந்து வந்தவற்றில் சில குண்டூசி முனை அளவுக்கு, நிறமில்லாமல், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அவற்றை விட்டுவிட்டால் மருந்துக்குச் சும்மா மார்க் போட்ட மாதிரி ஆகும்.

(காலனி எண்ணும் ராத்திரிகளில் தட்டுவடை செட் வாங்கி வரச் சொல்வது எங்கள் வழக்கம். பார்சல் லேபுக்கு வெளியே மாடிப்படியில் இருக்கும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.)

எட்டாம் படி: கணக்கு

உதாரணத்துக்கு, ஆயிரத்தில் ஒன்றாக நீர்த்து 0.1 மில்லி போட்ட பிளேட்டில் 84 காலனி. மில்லிக்கு 84 × 1000 × 10, அதாவது 8,40,000. அரை மில்லியில் உடைத்ததால் குழிக்கு 4,20,000, லாக் (பத்தின் அடிமான மடக்கை) 5.62. பூஜ்ஜிய மணியில் குழிக்கு 21,00,000, லாக் 6.32. ஆக 0.70 லாக் இறங்கியிருக்கிறது. இது தாய்ச் செல்.

எதிர்ப்புச் செல்லில் 24 மணிக்கு 6,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.2 லட்சம், 6 லட்சம், பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் அந்தச் செல் ஆரம்பத்திலேயே குறைவாகத்தான் விழுங்கியது, பூஜ்ஜிய மணியில் 9,00,000. லாக் 5.95-இலிருந்து 5.78, இறங்கியது 0.17 தான். இறுதி எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் பம்பின் வேலை கண்ணில் பட்டிருக்காது. வேறு சோதனையில் இதே தவறு தலைகீழாகவும் நடக்கும். செல் புரதத்தை அளந்து, புரத அளவுக்கு இவ்வளவு பாக்டீரியா என்று சொன்னால் இன்னும் நல்லது.

ஒன்பதாம் படி: பழி போடலாமா

பஞ்சாயத்தில் நாலு சாட்சி கேட்கிற மாதிரி கேளுங்கள். எதிர்ப்புச் செல்லில் அந்த மருந்தின் வேலை குறைந்ததா? அடைப்பான் போட்டதும் தாய்ச் செல் அளவுக்குத் திரும்பியதா? பம்ப் கண்டுகொள்ளாத மருந்து இரண்டு செல்லிலும் ஒரே மாதிரி வேலை செய்ததா? குழம்பில் அடைப்பான் பாக்டீரியாவின் எம்.ஐ.சி-யை மாற்றாமல் இருந்ததா? நாலும் ஆமாம் என்றால் பம்ப்தான் காரணம் என்று தைரியமாக எழுதலாம். மூன்றாவது மட்டும் இல்லை என்றால் செல்லிலேயே வேறு ஏதோ மாறியிருக்கிறது. நாலாவது இல்லை என்றால் பாக்டீரியாவின் பம்பும் சேர்ந்து விளையாடியிருக்கிறது. என் அனுபவத்தில் முதல் சுற்றிலேயே நாலும் சேர்வது அபூர்வம், இரண்டரை சேர்ந்தாலே சந்தோஷப்படுங்கள். முடிந்தால் செல்லுக்குள் இருக்கும் மருந்தின் அளவையும் ஹெச்.பி.எல்.சி-யில் (கலவையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து அளக்கும் கருவி) அளந்துவிடுங்கள், வாதம் பாதியாகக் குறையும்.

ரிப்போர்ட் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. "வெராபமில் சேர்த்துக் கொடுத்தால் நோய் குணமாகும்" என்று கடைசிப் பாராவில் எழுத எல்லோருக்கும் கை அரிக்கும். எழுதாதீர்கள். நாம் குழியில் போட்டது 10 மைக்ரோமோலாருக்கு மேல், மாத்திரை சாப்பிடுபவர் ரத்தத்தில் அது ஒரு மைக்ரோமோலாரைக்கூடத் தொடுவதில்லை. அந்த அளவை மனிதருக்குக் கொடுத்தால் முதலில் நிற்பது இதயம். குடல், கல்லீரல், மூளைச் சுவர் எல்லா இடத்துப் பம்பும் அடைபட்டால் வேறு மருந்துகளின் அளவும் ரத்தத்தில் எகிறும். கவுட்டுக்குக் கோல்ச்சிசின் சாப்பிடுபவருக்கு பி-ஜிபியை அடைக்கும் கிளாரித்ரோமைசின் கொடுத்து உயிர் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. மறுபக்கம் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், குடலில் பி-ஜிபியை அதிகமாக்கி டைகாக்சின் போன்ற இதய மருந்தை உள்ளே சேர விடாமல் செய்யும். இந்தப் பாராவை ரிப்போர்ட்டில் சேர்த்தால் வைவாவில் கேள்வி கேட்பவர் முகம் மலரும், அது என் கணிப்பு.

எல்லாம் முடிந்ததும் பிளேட், பிபெட் நுனி, கழுவிய தண்ணீர் அத்தனையும் 121 டிகிரியில் அரை மணி நேரம் ஆட்டோகிளேவ். கழுவிய தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றிவிட்டுப் போகும் பிள்ளைகளை இப்போதும் பார்க்கிறேன். அதில் ஜென்டாமைசினும் இருக்கிறது, அதில் தப்பிப் பிழைத்த பாக்டீரியாவும் இருக்கிறது, சிங்க்கின் குழாய் கடைசியில் போய்ச் சேருவது திருமணிமுத்தாற்றில்.